சின்ன ஊர், பெரிய ஆட்டம் – 9: எட்கர் ஸ்ட்ரீட்டுக்கு வந்த நியூகாசில்

புதன்சந்தை மாட்டுச் சந்தையைப் பற்றி நாமக்கல்காரர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கேரளத்திலிருந்தெல்லாம் வியாபாரிகள் வந்து பிடித்துக்கொண்டு போகும் சந்தை அது. இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டி, வை ஆற்றங்கரையில் இருக்கும் ஹெரிஃபோர்டும் மாட்டால் பேர் வாங்கிய ஊர்தான். செவலை உடம்பு, வெள்ளை முகம். அந்த ஊர்ப் பெயரையே சுமந்துகொண்டு அர்ஜென்டினா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா வரை போன மாட்டினம் அது. ஊரின் கால்பந்து கிளப்பாக இருந்த ஹெரிஃபோர்டு யுனைடெட்டுக்குச் செல்லப்பெயர் ‘காளைகள்’. முக்கியமான ஆட்டம் என்றால் நிஜக் காளை ஒன்றை மூக்கணாங்கயிறு பிடித்து மைதானத்தைச் சுற்றி நடத்திக்கொண்டு வருவார்கள். மைதானத்தின் பெயர் எட்கர் ஸ்ட்ரீட். அன்று பக்கத்திலேயே மாட்டுச் சந்தை இருந்தது.

அந்த மைதானத்தில் 1972 பிப்ரவரி 5, சனிக்கிழமையன்று நடந்த ஆட்டம்தான் இந்த வாரம். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் ஒரு தாலுகா. தனி மாவட்டம் ஆனது 1997-ல். சென்னைக்கே தொலைக்காட்சி வந்தது 1975-ல்தான். அதனால் அந்த ஆட்டத்தை நம் பக்கத்தில் ஒருவரும் அன்று பார்த்திருக்க வழியில்லை. இன்று கையிலிருக்கும் போனில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்க்காதவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் அவசியம் பாருங்கள்.

முதலில் யார் யாரோடு ஆடினார்கள் என்பது புரிய வேண்டும். அன்றைய இங்கிலாந்தில் நான்கு டிவிஷன்கள், மொத்தம் 92 கிளப்புகள். அவைதான் ‘லீக்’. அதற்கும் கீழே, வட்டாரம் வட்டாரமாக இன்னும் பல லீக்குகள். ஹெரிஃபோர்டு இருந்தது அப்படி ஒன்றான சதர்ன் லீக்கில். அதாவது நான்காவது டிவிஷனுக்கும் வெளியே. ஆட்டக்காரர்களில் பலர் வாரநாளில் வேறு வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் பயிற்சிக்கு வருகிறவர்கள். இன்று பேசப்போகிற ரோனி ராட்ஃபோர்டு தச்சு வேலைக்காரர். நியூகாசில் யுனைடெட்டோ முதல் டிவிஷன். 1969-ல் ஐரோப்பாவின் ஃபேர்ஸ் கோப்பையை வென்ற கிளப். 1971-ல் லூட்டன் கிளப்பிடமிருந்து 1,80,000 பவுண்டு கொடுத்து வாங்கிய மால்கம் மெக்டொனால்டு அவர்களிடம் இருந்தார். சொந்த ஊரில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே லிவர்பூலுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர். ‘சூப்பர் மேக்’ என்று கூப்பிட்டார்கள்.

இந்த இருவரையும் ஒரே களத்தில் நிறுத்துவது எஃப்.ஏ. கோப்பை. உலகின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி, 1871-ல் தொடங்கியது. லீக்கில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் இடம் உண்டு. பெரிய கிளப்புகள் மூன்றாவது சுற்றில்தான் நுழையும். அதுவரை தாக்குப்பிடித்து வந்த சின்ன கிளப்புக்குச் சீட்டுக் குலுக்கலில் யார் வேண்டுமானாலும் வாய்க்கலாம். யாருடைய மைதானத்தில் ஆட்டம் என்பதையும் குலுக்கல்தான் சொல்லும். இதில் ஒரு விதியை வாசகர்கள் கெட்டியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று ஆட்டம் டிராவில் முடிந்தால் பெனால்டி அடித்துத் தீர்க்க மாட்டார்கள். மறு ஆட்டம் உண்டு. அது மற்ற அணியின் மைதானத்தில். இந்த வாரக் கதை முழுக்க அந்த விதியின் மேல்தான் நிற்கிறது.

ஹெரிஃபோர்டு அந்த ஆண்டு எளிதாக வந்துவிடவில்லை. முதல் சுற்றில் கிங்ஸ் லின்னோடு கோலில்லா டிரா, மறு ஆட்டத்தில் 1-0. இரண்டாவது சுற்றில் நான்காவது டிவிஷன் அணியான நார்த்தாம்டனோடு இரண்டு முறை டிரா. மூன்றாவது ஆட்டத்தில்தான் 2-1 என்று கரையேறினார்கள். மூன்றாவது சுற்றுக்குச் சீட்டு எடுத்தபோது நியூகாசில் வந்தது. அதுவும் நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில்.

மழையால் தள்ளிப்போன அந்த ஆட்டம் ஜனவரி 24 அன்று நடந்தது. 39,301 பேர் கூட்டம். விசில் ஊதி 17 நொடியில் ஹெரிஃபோர்டின் பிரையன் ஓவன் கோல் அடித்தார். மெக்டொனால்டு ஒரு பெனால்டி, ஜான் டியூடர் ஒரு கோல் என்று நியூகாசில் 2-1-க்கு வந்தது. பிறகு ஹெரிஃபோர்டின் காலின் ஆடிசன், அணியின் மேனேஜராகவும் ஆட்டக்காரராகவும் இருந்தவர், தூரத்திலிருந்து ஓங்கி அடித்து 2-2 ஆக்கினார். டிரா. விதிப்படி, இனி நியூகாசில் ஹெரிஃபோர்டுக்கு வந்தாக வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஹெரிஃபோர்டின் வெற்றியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் சேற்றைக் காரணமாகச் சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். சேறு இருந்தது, உண்மை. ஆனால் நியூகாசிலின் சொந்த மைதானத்திலேயே அவர்களுக்குச் சமமாக நின்று இரண்டு கோல் போட்ட அணி இது. மாட்டுச் சந்தைப் பக்கத்துச் சகதியை மட்டும் சாட்சிக்கு அழைப்பது அந்தப் பதினோரு பேருக்குச் செய்கிற அநியாயம்.

மறு ஆட்டமும் மழையால் தள்ளித் தள்ளிப் போனது. கடைசியில் மற்ற ஊர்களில் நான்காவது சுற்றே தொடங்கிவிட்ட பிப்ரவரி 5 அன்றுதான் நடந்தது. கணக்கில் வந்த கூட்டம் 14,313. கணக்கில் வராமல் சுற்றியிருந்த மரங்களில் ஏறி உட்கார்ந்தவர்களும் விளக்குக் கம்பத்தில் தொற்றிக்கொண்டவர்களும் படத்தில் தெரிகிறார்கள். தரை, நம் மோகனூர் பக்கம் நடவுக்கு உழுது போட்ட வயல் மாதிரி. பந்து ஒரு இடத்தில் எழும்பும், அடுத்த இடத்தில் செத்துவிடும்.

அன்று முதல் பாதி முழுக்க நியூகாசிலின் கை ஓங்கியிருந்தது. ஹெரிஃபோர்டு கோல் கீப்பர் ஃபிரெட் பாட்டர் இல்லையென்றால் ஆட்டம் அப்போதே முடிந்திருக்கும். வலது பக்கத் தடுப்பில் ஆடிய ரோஜர் கிரிஃபித்ஸுக்கு ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கால் எலும்பு முறிந்தது. முறிந்த காலோடுதான் அவர் ஆட்டத்தின் பெரும்பகுதியும் ஓடிக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டால் அந்த மாலையின் முதல் வீரர் அவர்தான். கோல் அடித்தவர்களின் பெயரை எல்லாரும் சொல்வார்கள். கிரிஃபித்ஸ் பெயரை நாமாவது சேர்த்துச் சொல்லுவோம்.

82-வது நிமிடத்தில் விவ் பஸ்பி அனுப்பிய பந்தை மெக்டொனால்டு தலையால் முட்டி வலைக்குள் போட்டார். 1-0. இருப்பது எட்டு நிமிடம். சதர்ன் லீக் அணிக்குக் கதை முடிந்தது என்றே யாரும் நினைத்திருப்பார்கள். ஆடிசன் இனியும் முடியாது என்று கிரிஃபித்ஸை வெளியே அழைத்து ரிக்கி ஜார்ஜை உள்ளே அனுப்பினார். அந்தக் காலத்தில் ஒரே ஒரு சப்ஸ்டிடியூட்தான் அனுமதி. கையிலிருந்த ஒரு சீட்டையும் இறக்கியாகிவிட்டது.

அடுத்து வந்தது ராட்ஃபோர்டின் கோல். நடுக்களத்தில் ஒரு மோதலில் பந்தைப் பறித்தார். ஓவனுக்குத் தள்ளினார். ஓவன் திருப்பிக் கொடுத்த பந்து சேற்றில் ஒரு மேட்டில் பட்டு, அடிக்கத் தோதாக லேசாக எழும்பியது. கோலுக்கு ஏறக்குறைய முப்பது கஜ தூரம். சாதாரணமாக அந்த இடத்திலிருந்து அடிக்கிறவனைக் கூட இருப்பவர்கள் திட்டுவார்கள். ராட்ஃபோர்டு அடித்தார். கோல் கீப்பர் மெக்ஃபால் பாய்ந்தும் பயனில்லை. பந்து மேல் மூலையில் புகுந்தது. கைகளை விரித்து உயர்த்திக்கொண்டு ராட்ஃபோர்டு ஓட, நாலாபுறமிருந்தும் தலைமூடிக் கோட்டுப் போட்ட பையன்கள் வேலி தாண்டி மைதானத்துக்குள் கொட்டினார்கள். பி.பி.சி. அந்த ஆண்டின் சிறந்த கோலாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

1-1. கூடுதல் நேரம். 103-வது நிமிடத்தில் பந்து ரிக்கி ஜார்ஜிடம் வந்தது. நியூகாசில் கேப்டன் பாபி மன்கர் காலை நீட்டித் தடுக்கப் பார்த்தார். அவரைத் தாண்டிப் பந்து தரையோடு போய்த் தூர மூலையில் விழுந்தது. மறுபடியும் பையன்கள் உள்ளே. 2-1. மிச்ச நிமிடங்களை ஹெரிஃபோர்டு எப்படியோ ஓட்டி முடித்தது. முதல் டிவிஷன் கிளப் ஒன்றை லீக்குக்கு வெளியே இருக்கும் கிளப் வீழ்த்தியது 1949-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. 1949-ல் இதே 2-1 கணக்கில் சண்டர்லாந்தை யோவில் என்ற சின்ன ஊர் தோற்கடித்திருந்தது.

மைக்கில் வர்ணனை செய்துகொண்டிருந்தவர் ஜான் மாட்சன், வயது 26. பி.பி.சி.யில் அப்போதுதான் கால் ஊன்றிக்கொண்டிருந்தார். இரவு நிகழ்ச்சியில் ஓரமாக ஐந்து நிமிடம் காட்டுவதற்காகத்தான் அவரை அங்கே அனுப்பியிருந்தார்கள். முடிவு அப்படி அமைந்ததால் அன்றைய நிகழ்ச்சியின் முதல் ஆட்டமே அதுவானது. அதற்குப் பிறகு பல தலைமுறைகளுக்கு இங்கிலாந்துக் கால்பந்தின் குரலாக அவர் இருந்தார். ராட்ஃபோர்டு 2022 நவம்பரில் இறந்தார், மாட்சன் 2023 பிப்ரவரியில். கோல் அடித்தவரும் அதைச் சொன்னவரும் நான்கு மாத இடைவெளிக்குள் போய்விட்டார்கள். ரிக்கி ஜார்ஜ் பின்னாளில் பங்குதாரராக வாங்கிய குதிரை எர்த் சம்மிட், 1998-ல் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்றது. சிலருக்கு அதிர்ஷ்டம் இரண்டு தடவை கதவைத் தட்டுகிறது.

நான்காவது சுற்றில் வெஸ்ட் ஹாம். எட்கர் ஸ்ட்ரீட்டில் 0-0. மறு ஆட்டம் லண்டனில் பிப்ரவரி 14, திங்கட்கிழமை மதியம். மதியம் ஏன்? நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் அப்போது நாடு முழுக்க வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். மின்வெட்டு. மைதானத்து விளக்குகளைப் போட முடியாது. மின்வெட்டு நம் தமிழ்நாட்டுக்கு மட்டும் எழுதிவைத்ததல்ல. வேலைநாள் மதியத்திலும் 42,271 பேர் வந்தார்கள். 1966 உலகக் கோப்பை இறுதியில் மூன்று கோல் அடித்த ஜெஃப் ஹர்ஸ்ட் இங்கேயும் மூன்று அடித்தார். ஹெரிஃபோர்டு 3-1 கணக்கில் வெளியேறியது.

வெளியேறினாலும் அந்தப் பெயர் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதே ஆண்டு கோடையில் ஹெரிஃபோர்டுக்கு லீக்கின் நான்காவது டிவிஷனில் இடம் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதில் ஒரு வலி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். 1973-ல் மூன்றாவது டிவிஷனுக்கு ஏறினார்கள். 1976-ல் அதில் முதலிடம். லீக்குக்குள் நுழைந்த நான்கே சீசனில் இரண்டாவது டிவிஷன் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒரே ஆண்டில் அங்கிருந்து இறங்கினார்கள். பிறகு மெல்ல மெல்லச் சரிவு. 1997-ல் சொந்த மைதானத்தில் பிரைட்டனோடு 1-1 டிரா செய்து லீக்கை விட்டே வெளியேறினார்கள். மீண்டும் வந்தார்கள், மீண்டும் போனார்கள். கடன் கழுத்தை நெரித்தது. 2014 டிசம்பர் 19 அன்று ஹெரிஃபோர்டு யுனைடெட்டைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. தொண்ணூறு வருடக் கிளப் அன்றோடு தீர்ந்தது.

ரசிகர்கள் கூடி ஹெரிஃபோர்டு எஃப்.சி. என்று புதிய கிளப் தொடங்கினார்கள். 2015-ல் அடிமட்ட லீக் ஒன்றில் ஆடத் தொடங்கி, 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டும் மேலே ஏறினார்கள். ஆடுவது அதே எட்கர் ஸ்ட்ரீட்டில். அது எப்படி முடிந்தது? மைதானத்தின் நிலம் உள்ளாட்சி மன்றத்துக்குச் சொந்தம். கிளப்பின் சொத்தாக இருந்திருந்தால் கடனோடு சேர்ந்து ஏலத்துக்குப் போயிருக்கும். அங்கே இன்று வேறு ஏதாவது கட்டடம் நின்றிருக்கும். நிலம் ஊருடையதாக இருந்ததால் கிளப் செத்த பிறகும் ஊருக்கு ஆட இடம் இருந்தது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று நம் ஊர்களில் அரசுப் பள்ளி மைதானத்தின் ஓரத்தை ஏதாவது கட்டடத்துக்கு ஒதுக்க வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த நிலம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. பள்ளி மைதானத்தின் ஒரு சென்ட்டைக் கூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சின்ன அணி பெரிய அணியை வீழ்த்துவது நம் நாட்டிலும் எழுபதுகளில் நடந்திருக்கிறது. 1977-ல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் நாடு முழுவதிலுமிருந்து கிளப்புகளைச் சேர்த்து ஃபெடரேஷன் கோப்பையைத் தொடங்கியது. முதல் போட்டி எர்ணாகுளத்தில். இறுதி ஆட்டத்துக்கு வந்த ஒரு அணி கொல்கத்தாவின் மோகன் பகான். இன்னொன்று பெங்களூர் ஐ.டி.ஐ., அதாவது 1948-ல் தொடங்கிய டெலிபோன் தொழிற்சாலையின் அணி. ஐ.டி.ஐ. 1-0 என்று வென்றது. தோற்ற மோகன் பகான் லேசான அணியா? அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று ஈடன் கார்டனில் பெலே ஆடிய காஸ்மாஸ் அணியோடு 2-2 டிரா செய்தது. அந்த சீசனில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை, டூரண்ட் கோப்பை மூன்றையும் தூக்கியது. அப்படிப்பட்ட அணியை ஒரு தொழிற்சாலை அணி மடக்கிப் போட்டது.

பெங்களூர்க் கால்பந்து நமக்கு அந்நியமானதல்ல. கௌதமபுரா, ஆஸ்டின் டவுன், மர்பி டவுன் என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பேட்டைகள் அதை வளர்த்தன. கௌதமபுராவில் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். கோலார் தங்கவயலுக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போனவர்களில் சேலம், தருமபுரி, வட ஆர்க்காட்டுக்காரர்கள் ஏராளம். வேலைக்குப் போன இடத்தில் அவர்கள் பிள்ளைகள் பந்தைப் பிடித்துக்கொண்டார்கள். நம் சமவெளியில் கபடியும் வாலிபாலும் தெருத் தெருவாக வளர்ந்த அளவுக்குக் கால்பந்து வளராததற்கு உடம்பில் குறை காரணமல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எர்ணாகுளத்து வெற்றிக்கும் ஹெரிஃபோர்டு வெற்றிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஐ.டி.ஐ. ஜெயித்தது வெளியூர் மைதானத்தில். நம் நாட்டில் டோர்னமெண்ட் என்றால் ஒரே இடத்தில் எல்லாரும் கூடி ஆடுவதுதான். சின்ன ஊர் டீம் வேன் பிடித்துப் போகும், ஆடும், ஜெயித்தாலும் தோற்றாலும் ராத்திரியோடு திரும்பிவிடும். சமமாக நின்றால் டைபிரேக்கர், அங்கேயே தீர்ந்துவிடும். பெரிய அணியைத் தன் ஊருக்கு வரவைக்கிற உரிமை சின்ன டீமுக்குக் கிடையாது. தங்கள் ஊர்ப் பையன்கள் பெரிய அணியோடு மோதுவதைப் பார்க்க ஊர்க்காரர்கள் மரத்தில் ஏறி உட்காரும் வாய்ப்பும் கிடையாது. அண்ணன் ஆடுவதைத் தம்பி பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டுப் பையன் பார்க்க வேண்டும். ஒரு ஊரில் ஆட்டம் வேர்பிடிப்பது அப்படித்தான். அன்று வேலி தாண்டி ஓடிவந்த ஹெரிஃபோர்டுப் பையன்களுக்கு இன்று அறுபது வயது தாண்டியிருக்கும். 2014-ல் கிளப் செத்தபோது புதிதாகத் தொடங்கக் கூடிய ஊர் அவர்கள் வளர்ந்த ஊர்.

வருத்தமான செய்தி, இங்கிலாந்திலும் அந்த விதி இப்போது இல்லை. பெரிய கிளப்புகளுக்கு ஆட்டங்கள் அதிகமாகிவிட்டன என்று சொல்லி, 2024-25 சீசனிலிருந்து எஃப்.ஏ. கோப்பையின் முதன்மைச் சுற்றுகளில் மறு ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். சின்ன கிளப்புகள் பலவும் எதிர்த்தன, எடுபடவில்லை. புது விதியின் கீழ் 1972-ஐ வைத்துப் பார்த்தால், ஜனவரி 24 இரவே செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் கூடுதல் நேரம், பெனால்டி என்று முடிந்திருக்கும். நியூகாசில் எட்கர் ஸ்ட்ரீட்டை மிதித்தே இருக்காது. பெரிய கிளப்புகளின் களைப்பைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் இதையும் நினைத்திருக்க வேண்டும்.

இப்போது அந்த வலி. 1972-ல் லீக்குக்குள் புள்ளிக் கணக்கில் ஏறிவர வழியில்லை. அந்த ஏற்பாடு 1987-ல்தான் வந்தது. அதுவரை, நான்காவது டிவிஷனின் கடைசி நான்கு கிளப்புகளும் வெளியே காத்திருப்பவர்களும் ஆண்டுக் கூட்டத்தில் மற்ற கிளப்புகளிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். ஓட்டு வாங்கியவர்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே. அந்த ஆண்டு கடைசி இடத்துக்கு ஹெரிஃபோர்டும் பேரோ என்ற கிளப்பும் தலா 26 ஓட்டு வாங்கிச் சமமாக நின்றன. மறுபடி ஓட்டெடுப்பு. ஹெரிஃபோர்டு 29, பேரோ 20.

பேரோ வடமேற்குக் கடலோரத்தில் கப்பல் கட்டும் ஊர். அந்த சீசனில் அவர்கள் கடைசியில்கூட இல்லை. அவர்களுக்குக் கீழே ஸ்டாக்போர்ட்டும் குரூவும் இருந்தன. அவை இரண்டும் பிழைத்துக்கொண்டன. நாடே பார்த்த ஒரு கோல் ஹெரிஃபோர்டைத் தூக்கி உள்ளே வைத்தபோது, அந்த இடத்தில் இருந்த இன்னொரு தொழிலாளர் ஊர் சத்தமில்லாமல் வெளியே போனது. ராட்ஃபோர்டின் கோலைக் கொண்டாடும் கட்டுரைகளில் பேரோ பெரும்பாலும் ஒரு வரிதான். பேரோ லீக்குக்குத் திரும்ப 48 ஆண்டுகள் பிடித்தன. 2020 மார்ச்சில் கொரோனாவால் ஆட்டங்கள் நின்றபோது அவர்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார்கள். ஆடிய ஆட்டங்களின் சராசரிப் புள்ளியை வைத்து அவர்களையே வெற்றி பெற்றவர்களாக அறிவித்தார்கள். அரை நூற்றாண்டு காத்திருந்த ஊர், கடைசி ஆட்டத்தைக் கூடிப் பார்க்க முடியாமல், அவரவர் வீட்டில் இருந்தபடி அந்தச் செய்தியைக் கேட்டது. அடுத்த வாரம் பேரோவின் அந்த 48 ஆண்டுகள்.

(தொடரும்)